வேட்டை நாவலில் மேலதிகாரியை முட்டாளாக்காதீர்கள்

பயங்கரவாதத் தலைவன் ஒருவனைத் தேடிப் பிடிக்கும் கதைகளாகப் புதியவர்கள் எழுதிய மூன்று கையெழுத்துப் பிரதிகளை அண்மையில் படித்தேன். மூன்றுக்கும் ஒசாமா பின்லேடன் வேட்டையே பின்புலம்; மூன்றிலும் என் முதல் நாவலின் பிழைகள் அப்படியே இருந்தன. சந்திப்பிழை, காலக்குழப்பம் போன்றவற்றை எவரும் சுட்டிக்காட்டிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முட்டாள் மேலதிகாரி

நாயகன் துடிப்பானவன், மேலதிகாரியோ கோப்பைக் கிடப்பில் போடுகிறவர் என்று நானும் நானூறு பக்கம் எழுதினேன். அதைப் படித்த ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், "அவர் கையெழுத்திட்டு, காரியம் கெட்டிருந்தால் யார் பதில் சொல்வது?" என்று மட்டும் கேட்டார். என் கதையில் அதற்கு விடை இல்லாததால் இரண்டாண்டு உழைப்பு பரணுக்குப் போனது. அதே மேலதிகாரி வேறொரு பெயரில் எதிர்ப்படும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

நடந்தது வேறு. ஆப்கானிஸ்தானின் காந்தஹார் அருகே தர்னாக் பண்ணையில் இருந்த பின்லேடனை ஆப்கானியப் பழங்குடியினரைக் கொண்டு பிடிக்க அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ வகுத்த திட்டம், ஒத்திகை வரை வந்து, 1998 மே மாதம் கைவிடப்பட்டது. அங்கே பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். பின்லேடன் இறந்துபோனால் அது திட்டமிட்ட கொலை என்று பழி வரும் என்ற அச்சமும் இருந்தது. பிரிடேட்டர் ஆளில்லா விமானம் தொலைந்தால் செலவை சிஐஏ ஏற்பதா, விமானப்படை ஏற்பதா என்றுகூட வாதிட்டார்கள். கேட்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும், தன் துறையின் நிதியைக் காப்பவருக்கு அது நியாயமான கேள்விதான். 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் கூடிய பின்லேடனின் அல்-காய்தா ஆட்களுள், பின்னாளில் செப்டம்பர் 11 தாக்குதலில் விமானம் கடத்திய காலித் அல்-மிதாரிடம் அமெரிக்க விசா இருந்ததை சிஐஏ அறிந்திருந்தும், கண்காணிப்புப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது 2001 ஆகஸ்ட் பிற்பகுதியில்தான். நான் வாசித்தவரை இதற்குத் தனி வில்லன் இல்லை. தகவலை உரிய இடத்தில் சேர்ப்பது தன் பொறுப்பு என்று எந்த மேசையும் நினைக்கவில்லை.

ஆகவே, மறுப்பவருக்கு நாயகனுடையதைவிட வலுவான காரணத்தைக் கொடுங்கள். அவர் எழுதும் குறிப்பைப் படிக்கும் வாசகர், ஒரு கணமாவது அவர் பக்கம் சாய வேண்டும்.

ஆயுத வருணனை

ஒரு வரி போதும்.

முதல் அத்தியாயத்திலேயே உறுதியான துப்பு

பின்லேடன் ஒளிந்திருந்த பாகிஸ்தானின் அபோட்டாபாத் வீடு 2010 ஆகஸ்டில் தெரியவந்தது. தொலைபேசியும் இணையமும் இல்லாத, குப்பையை வளாகத்துக்குள்ளேயே எரித்த அந்த வீட்டில் இருப்பவர் பின்லேடன்தான் என்று, அமெரிக்கப் படையினர் உள்ளே புகுந்து அவரைக் கொன்ற 2011 மே 2 வரை எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அதிகாரிகளின் மதிப்பீடுகள் 40 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடு வரை சிதறிக் கிடந்தன. செயற்கைக்கோள் படத்தில் முகத்தைக் காட்டிவிடும் எழுத்தாளர் இந்த மாதங்களின் பதற்றம் முழுவதையும் இழக்கிறார்.

சட்டத்தைத் தாண்டிக் குதித்தல்

அந்த வீட்டுக்குச் சென்றவர்கள் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையினர். ஆனால் நடவடிக்கை, அப்போதைய சிஐஏ இயக்குநர் லியோன் பனேட்டாவின் அதிகாரத்தின்கீழ், மறைமுக நடவடிக்கைக்கான சட்டப்படி நடத்தப்பட்டது. இந்த ஏற்பாட்டைப் பற்றி வழக்கறிஞர்கள் பேசும் காட்சி என் இரண்டாவது நாவலில் பதினொரு பக்கம் நீண்டது. வெட்டச் சொன்ன பதிப்பாசிரியரிடம், ஹெலிகாப்டர் காட்சியை வேண்டுமானால் வெட்டுங்கள் என்றேன்.