போர் வீடியோ வந்தால் முதலில் அதன் மூலையைப் பாருங்கள்

2025இல் இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்தபோது, மே 8 ராத்திரி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ வந்தது. இருட்டில் பெரிய தீ. ஜலந்தரில் பாகிஸ்தான் ட்ரோன் தாக்குதல் என்று எழுதியிருந்தது. அக்கா மகன் அப்போது ராணுவப் பணியில் பஞ்சாபில் இருந்தான். போன் எடுக்கவில்லை. அக்கா விடிய விடியத் தூங்கவில்லை. அது வயலில் பிடித்த தீ என்று மத்திய அரசின் செய்தி அமைப்பான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு சொன்ன பிறகுதான் தெரிந்தது. வீடியோவிலேயே இரவு மணி 7:39 என்று இருந்தது. ட்ரோன்கள் வந்ததே அதற்குப் பிறகுதான். எங்களில் ஒருவர்கூட அந்த மணியைப் பார்க்கவில்லை.

அதனால் முதல் வேலை, சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவை ஓடவிடுவது. அலறலும் பின்னணி இசையும் காதில் விழுந்தால் கண் நிதானமாகப் பார்க்காது. மூலை மூலையாகப் பாருங்கள்: மணி, கடைப் பலகை எழுத்து, நம்பர் பிளேட். இந்தியா, பாகிஸ்தான் இரண்டிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் போகும். வலப்பக்கம் போனால் அது வேறு நாடு. பாகிஸ்தான் மணி நம்முடையதைவிட அரை மணி நேரம் பின்னால் இருக்கும்.

அப்புறம், தெளிவான இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் எழுத்தை வெட்டிவிட்டு படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். அதில் சிக்காவிட்டால் யாண்டெக்ஸ் என்ற தேடுதளத்தில் போடுங்கள். வரும் முடிவுகளில் மிகப் பழைய தேதியைத் தேடுங்கள். 2020 பெய்ரூட் துறைமுக வெடிப்பு இந்தியா மீது விழுந்த ஏவுகணையாகச் சுற்றியது. 2021இல் பஞ்சாபின் மோகாவில் விழுந்த மிக்-21 போர் விமானத்தின் படம், சுட்டு வீழ்த்தப்பட்ட இந்திய ரஃபேல் விமானமாகச் சுற்றியது. பழைய தேதி கிடைத்த அந்த நிமிடமே பொய் உடைந்துவிடும்.

ராத்திரிக் காட்சி, ஆடும் கேமரா, மங்கலான படம், நடமாடும் மனிதர் ஒருவரும் இல்லை என்றால் ஆர்மா 3 வீடியோ கேமாக இருக்கலாம். இந்த அடையாளங்களை அந்த விளையாட்டைத் தயாரித்த நிறுவனமே 2022இல் வெளியிட்டது.

கஷ்டமான இடம் இனிமேல்தான். நம் பக்கத்துக்குச் சாதகமான செய்தியை நாம் சோதிப்பதே இல்லை. கராச்சி துறைமுகம் தீப்பற்றி எரிகிறது என்று நம் டிவி சேனல்கள் சில சொன்னபோது எங்கள் குழுவே கைதட்டியது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. கூடவே சுற்றிய காட்சி அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த விமான விபத்து. பாகிஸ்தான் ராணுவப் பேச்சாளர் இரண்டு விமானங்களை இழந்ததாக ஒப்புக்கொள்ளும் வீடியோவும் வந்தது. பழைய பேட்டி ஒன்றில் ஏஐ வைத்துக் குரலை மாற்றியிருந்தார்கள். இப்படி வந்தால் முழுப் பேட்டியைத் தேடி எடுத்து, பின்னால் இருக்கும் திரை, மைக், உடை எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். சந்தோஷம் தரும் வீடியோவுக்கு இரண்டு மடங்கு சோதனை வையுங்கள்.

ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சூடானின் கார்ட்டூம் விமான நிலையத்துப் பழைய வீடியோவை, பாகிஸ்தானின் நூர் கான் விமானத் தளத்தில் விழுந்த ஏவுகணை என்று எக்ஸ் தளத்தின் ஏஐ சாட்பாட் க்ரோக் சொன்னது.

உண்மையான வீடியோ என்றாலும் ராணுவ வண்டிகள் போவதை அனுப்பவே அனுப்பாதீர்கள். “மாமா, ரயிலில் டாங்கி போறதைக்கூட ஷேர் பண்ணாதீங்க, நாங்க எங்க இருக்கோம்னு அதுலயே தெரிஞ்சிடும்” என்று அக்கா மகன் பிறகு போனில் சொன்னான்.

அனுப்பியவரைக் குழுவில் வைத்துத் திட்டாதீர்கள். ரோஷம் வந்து இன்னும் நாலு அனுப்புவார். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். வீடியோவை அழித்தால் மட்டும் போதாது, அதற்குள் அது வேறு குழுக்களுக்குப் போயிருக்கும். மறுப்பும் அதே வழியில் போக வேண்டும். ஜலந்தர் வீடியோவை அனுப்பிய சித்தப்பாவிடம் அப்படித்தான் பேசினேன். “நான் அனுப்புனது பொய்யி, மன்னிச்சிடுங்க” என்று அவரே குழுவில் குரல் பதிவு போட்டார். அதை மற்ற சொந்தக்காரர் குழுக்களுக்கெல்லாம் அனுப்பியது அக்காதான்.