சலமாங்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சலமாங்கா பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது. ஸ்பெயினில் இன்றும் நடக்கும் பல்கலைக்கழகங்களில் அதுதான் மூத்தது. பொன்னிறக் கல் கட்டடங்கள், பிளாசா மயோர் சதுக்கம் என்று படங்களைப் பார்த்தே பலர் ஊரை முடிவு செய்துவிடுகிறார்கள். சரி, ஆனால் படத்தில் குளிர் தெரியாது.

ஸ்பெயின் என்றால் வெயிலும் கடற்கரையும் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளாகப் பெட்டியில் அடுக்குவதுதான் முதல் சறுக்கல். இந்த ஊர் கடலை விட்டு வெகு தூரம், சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போவது அங்கே சாதாரணம்.

அதனால் அறை பார்க்கும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். ஹீட்டர் செலவு வாடகைக்குள் அடக்கமா, தனியா என்று கேளுங்கள். விளம்பரத்தில் ‘இன்டீரியர்’ என்று போட்டிருந்தால், ஜன்னல் தெருவைப் பார்க்காது. கட்டடத்தின் நடுவே இருக்கும் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். சில இடங்களில் அது எதிர்வீட்டுத் துணிக்கொடி தவிர வேறெதுவும் தெரியாத குறுகிய பொந்துதான். அறையைப் பார்க்காமல் ஊரிலிருந்தே முன்பணம் அனுப்புவது வேண்டவே வேண்டாம். முதல் சில நாட்களுக்கு விடுதி ஒன்றைப் பிடித்துவிட்டு நேரில் தேடுங்கள். பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம்.

வீட்டுக்காரரிடம் இன்னொரு கேள்வியும் உண்டு. எல்லாரும் மறப்பது இதைத்தான்: “இந்த முகவரியில் நான் பதிவு செய்துகொள்ளலாமா?” நகராட்சியில் வசிப்பிடத்தைப் பதியும் அந்த வேலைக்கு ‘எம்பாத்ரோனமியென்டோ’ என்று பெயர். 180 நாளுக்கு மேற்பட்ட படிப்பு என்றால், நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் ‘தியே’ என்கிற வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் இந்தப் பதிவுச் சான்றைக் கேட்பார்கள். கையில் ஒப்பந்தம் இல்லாமல், பதிவுக்கு ஒத்துக்கொள்ளாத வீட்டில் குறைந்த வாடகைக்கு உட்கார்ந்தால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். எதற்கும் ‘சீதா ப்ரேவியா’, அதாவது முன்கூட்டியே நேரம் வாங்குவது, வேண்டும். (சீதாவுக்கும் ராமாயணத்துக்கும் சம்பந்தமில்லை.) போய் இறங்கிய வாரமே அதைத் தேட ஆரம்பியுங்கள்.

இங்கிருந்து கிளம்பும் முன்பும் ஒரு வரிசை இருக்கிறது. 180 நாளைத் தாண்டும் விசாவுக்குப் போலீஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள். முதலில் அதற்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது நம் நாட்டு ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி அரசு வைக்கும் முத்திரை, வாங்குங்கள், அப்புறம் ஸ்பானிஷில் மொழிபெயர்க்கக் கொடுங்கள். தலைகீழாகச் செய்தால் முத்திரைக்கு மொழிபெயர்ப்பு இல்லாமல் போய், மறுபடி செலவு செய்ய நேரலாம்.

மொழி விஷயத்தில், செயலியில் படித்தது போதும் என்று நம்ப வேண்டாம். பல செயலிகள் சொல்லித் தருவது லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ். சலமாங்காவில் நண்பர் கூட்டத்தைப் பார்த்து ‘நீங்கள்’ என்பதற்கு ‘வொசோத்ரோஸ்’ என்பார்கள். அதற்கான வினைவடிவம் தெரியாவிட்டால் முதல் வாரம் முழித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உச்சரிப்பில் நமக்குக் கொஞ்சம் வசதி உண்டு; ‘ர’வை மென்மையாகவும் உருட்டியும் பிரித்துச் சொல்வது நமக்குச் சிரமமில்லை. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெர்ரோ’ என்றால் நாய். வணக்கம் சொல்லும்போது ‘ஹோலா’ என்று மூச்சை விடாதீர்கள்; ‘ஓலா’தான், நம்மூர் டாக்சி மாதிரி.

சாப்பாட்டு நேரமும் வேறு. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். மாலை ஆறு மணிக்குப் பசித்தால் பல உணவகங்களில் சமையலறை மூடியிருக்கும். சைவர்கள் ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. பலர் பன்றித்தொடை ஹமோனையும் சூரை மீனையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்து ஆர்முன்யா வட்டாரத்துப் பருப்பு பேர்போனது. ‘லென்தேஹாஸ்’ என்று பட்டியலில் பார்த்ததும் வீட்டு ஞாபகம் வரும். ஆவி பறக்கும் கிண்ணத்தில் கரண்டியை விட்டால் சிவப்பாக ஒரு துண்டு சொரீஸோ, அதாவது பன்றி இறைச்சி சாசேஜ், மேலே வரும். ‘சொரீஸோ போட்டிருக்கிறீர்களா’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.