தாளைப் பார்க்காமல் வரையுங்கள்: கை ஓடாத நாட்களுக்கான பயிற்சி

வரைய வேண்டும் என்று உட்கார்ந்தால் அசைய மறுக்கும் கை, போனில் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் கிடைத்த காகிதத்தில் பூவும் வளையமுமாகப் போட்டுக்கொண்டே போகும். அதே கை, அதே பேனா. அந்த நேரத்தில் நம் கண் காகிதத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. அதனால் கைக்குப் பயமில்லை.

நான் வரைந்த ஒரு முகத்தைப் பார்த்து ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அதற்கப்புறம் நாலு வருடம் நான் பென்சிலைத் தொடவில்லை. 'உன்னால் முடியும்' என்று நண்பர்கள் சொன்னது எதுவும் என்னைத் திரும்ப உட்காரவைக்கவில்லை. சந்தேகம் எழும்போது கண்ணுக்கு வேறு வேலை கொடுக்கக் கற்றுக்கொண்டேன், அதுதான் உட்காரவைத்தது. கீழே உள்ள எல்லாப் பயிற்சிகளும் அந்த ஒன்றைத்தான் செய்கின்றன.

தேவையானவை

ஒரு பால்பாயிண்ட் பேனா. ஒரு பக்கம் அச்சான பழைய ஏ4 தாள்கள் பத்து. நேரம் பார்க்க மொபைல். ரப்பர் வேண்டாம், அது கண்ணைத் திரும்பத் திரும்பத் தாளுக்கே இழுக்கும். விலை கொடுத்து வாங்கிய அழகான வரைபுத்தகமும் இப்போதைக்கு வேண்டாம். அதில் ஒரு பக்கம் வீணாகிவிடுமோ என்ற பயமே ஒரு தடை.

படி 1: தாளைக் கெடுங்கள் (2 நிமிடம்)

மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல், தோளிலிருந்து கையை வீசி, பெரிய வட்டங்கள், சாய்கோடுகள், சுழிகள் என்று தாள் முழுக்கப் போடுங்கள். வெற்றுக் கேன்வாஸ் ஓவியனை முறைத்துப் பார்த்து முடக்கிவிடும், அப்போது எதையாவது அதன்மேல் அப்பிவிட வேண்டும் என்று வின்சென்ட் வான்கா 1884இல் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அவருக்கே அப்படி என்றால் நாம் தயங்குவதில் வியப்பில்லை. தாள் கெட்டாயிற்றா? சரி, அடுத்ததற்குப் போகலாம்.

படி 2: பார்க்காமல் உங்கள் கையை வரையுங்கள் (5 நிமிடம்)

இன்று ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள்.

வரையாத கையை மேசைமேல் வையுங்கள். விரல்களைக் கொஞ்சம் மடக்கினால் மடிப்புகள் தெரியும். தாளை மறுபக்கம் வைத்து, உடம்பைத் திருப்பி, தாள் கண்ணில் படாதபடி உட்காருங்கள். கண் தாளுக்குத் திரும்பிக்கொண்டே இருந்தால் இன்னொரு காகிதத்தின் நடுவில் துளை போட்டு, பேனாவை அதில் நுழைத்துப் பிடியுங்கள். அது குடைபோல் கோட்டை மறைத்துவிடும்.

மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். பேனா முனை தாளைத் தொடவில்லை, உங்கள் தோலைத்தான் தொடுகிறது என்று நம்புங்கள். அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கோலாய்டிஸ் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. இனிக் கண் அந்த ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல நகரட்டும். கண் நகரும் அதே வேகத்தில் பேனாவும் நகரட்டும். கண் நின்றால் பேனாவும் நிற்க வேண்டும். விரல் மூட்டில் ஒரு மடிப்பு உள்ளே திரும்பினால் அதன் கூடவே போய்விட்டுத் திரும்பி வாருங்கள். பேனாவை எடுக்க வேண்டாம்.

முதல் நிமிடம் மனம் கத்தும். 'இதெல்லாம் ஒரு படமா' என்று கேட்கும். பதில் சொல்லாதீர்கள். நகத்தின் ஓரம் எங்கே தோலுக்குள் மறைகிறது என்று தேடுங்கள். எனக்கு மூன்றாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் அந்தக் குரல் தேய்ந்துவிடும். நகத்தை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டே தன்னைத் திட்டிக்கொள்வது மனத்துக்குக் கஷ்டம்.

முடிந்ததும் தாளைப் பாருங்கள். கட்டைவிரல் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருக்கலாம், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கலாம். அப்படித்தான் வர வேண்டும். மொத்தமாகப் பார்க்காமல், துண்டு துண்டாகப் பாருங்கள். எங்கோ ஒரு மூட்டின் சுருக்கம் அச்சு அசலாக விழுந்திருக்கும். அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அந்தக் கோட்டை உங்கள் கண் பார்த்தது, கை போட்டது.

படி 3: பொருளை விட்டுவிட்டு இடைவெளியை வரையுங்கள் (10 நிமிடம்)

ஒரு நாற்காலியை எதிரில் வையுங்கள். நாற்காலியை வரைய வேண்டாம். கால்களுக்கு நடுவே உள்ள காலி இடம், முதுகுச் சட்டங்களுக்கு இடையில் தெரியும் சுவர், இவற்றின் வடிவங்களை மட்டும் ஒவ்வொன்றாக வரையுங்கள். இப்போது தாளைப் பார்க்கலாம், ஆனால் பேனா நிற்கும்போது மட்டும்.

இது ஏன் பலிக்கிறது? நாற்காலி என்றதும் மனம் ஒரு தயார் படத்தை நீட்டும்: சதுர இருக்கை, ஒரே உயரத்தில் நாலு கால். எதிரில் இருப்பதோ வேறு. காலி இடத்துக்கு மனத்திடம் தயார் படம் இல்லை, அதனால் பார்த்தே ஆக வேண்டும்.

முகத்திலும் இதே சிக்கல்தான். உச்சந்தலைக்கும் தாடைக்கும் கிட்டத்தட்ட நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் அவற்றை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். நானும் அப்படித்தான் வரைந்தேன், அந்த உதட்டுப் பிதுக்கல் கிடைத்த படத்திலும் கண்கள் மேலே ஏறித்தான் இருந்தன. 'எனக்குத் திறமை இல்லை' என்று நாலு வருடம் நம்பினேன். உண்மையில் நான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. இது திருத்தக்கூடிய தவறு என்று தெரிந்த அன்று எனக்கு அழுகையே வந்தது.

படி 4: என்ன வரைவது என்றே தெரியாதபோது

கறை படிந்த சுவரை உற்றுப் பார், மலையும் ஆறும் போர்க்களமும் தெரியும் என்று லியோனார்டோ டாவின்சி தம் குறிப்புகளில் எழுதினார். சுவருக்குப் பதில் படி 1இல் கெடுத்த தாளை எடுங்கள். நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு மூக்கோ வாலோ தெரிந்தால் அதை மட்டும் அழுத்தி வரையுங்கள். முழுப் படமாக்க முயல வேண்டாம்.

படி 5: தேதி போட்டு எடுத்து வையுங்கள்

அன்றைக்கே யாரிடமும் காட்டாதீர்கள், இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பதினைந்து நாள் கழித்து எல்லாத் தாள்களையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். வட்டம் போட்ட இடங்களை மட்டும் பாருங்கள்.

நடுவில் சில நாள் எதுவுமே செய்யப் பிடிக்காது. அன்று கட்டைவிரல் நகம் ஒன்றை மட்டும், தாளைப் பார்க்காமல், ஒரு நிமிடம் வரையுங்கள். தேதி போடுங்கள். பேனாவை மூடி வைத்துவிடுங்கள்.