ஐட்லர், பெவல் கியர்: பல்லை மட்டும் எண்ணினால் போதாது

இரண்டு கியருக்கு நடுவில் பெரிய ஐட்லரை (ஒன்றின் சுற்றை மற்றதுக்குக் கடத்தும் இடைக் கியர்) போட்டால் வேகம் இன்னும் குறையும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். குறையாது. 20 பல் கியர் 60 பல் கியரை ஓட்டும்போது இடையில் 30 பல் வைத்தாலும் 45 பல் வைத்தாலும் விகிதம் 3:1 தான், ஏனென்றால் ஐட்லர் ஒரு பல் வாங்கினால் ஒரு பல்லைத்தான் அடுத்ததுக்குக் கொடுக்கிறது. திசைதான் மாறும்: ஒரு ஐட்லர் இருந்தால் முதலும் கடைசியும் ஒரே பக்கம் சுற்றும். (ஒரே ஷாஃப்டில் இரண்டு கியர் சேர்ந்து சுற்றினால் அது கூட்டு கியர், அங்கே விகிதமும் மாறும்.)

சரி, சும்மா சுற்றுவதுதானே என்று ஐட்லரைச் சின்ன பேரிங்கில் உட்கார வைக்கிறார்களே, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய தவறு. மூன்றும் நேர்கோட்டில் இருந்தால், ஓட்டுகிற கியர் தள்ளும் விசையும் ஓடுகிற கியரின் எதிர்விசையும் ஒரே திசையில் சேர்ந்து ஐட்லர் ஷாஃப்டை இரட்டிப்பாக அழுத்தும். பல்லுக்கும் ஓய்வில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை வளைகிறது, கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே மாதிரி. அதனால் வடிவமைக்கும்போது அதன் வளைவு வலிமையைச் சுமார் 70 சதவீதமாகத்தான் எடுத்துக்கொள்வது வழக்கம்.

பெவல் கியரில், அதாவது கோணத்தில் சந்திக்கும் ஷாஃப்டுகளுக்குப் போடும் கூம்பு வடிவக் கியரில், வேறு மாதிரித் தவறு. மாட்யூலும் (பல்லின் அளவு) பல் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதே என்று கையில் கிடைத்த பினியனை (ஜோடியில் சின்ன கியர்) மாட்டிவிடுவார்கள். நேர்ப் பல் உள்ள உருளை வடிவ ஸ்பர் கியரில் அது பெரும்பாலும் நடக்கும், இங்கே நடக்காது. ஷாஃப்டுகள் 90 டிகிரியில் இருக்கும்போது, 40 பல்லோடு சேர வெட்டிய 20 பல் பினியனின் கூம்புக் கோணம் சுமார் 26.6 டிகிரி, 60 பல்லோடு சேர வேண்டுமானால் 18.4 இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள்.

பூட்டும்போது பல் தொட்டால் போதும் என்று விடாதீர்கள். இரண்டு கூம்பின் உச்சியும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும், அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பல்லில் நீல மார்க்கிங் பேஸ்டை மெல்லிசாகத் தடவி, கையால் சுற்றிப் பாருங்கள். தடம் பல்லின் நடுவிலோ, கொஞ்சம் சின்ன முனைப் பக்கமோ விழ வேண்டும், சுமை ஏறினால் அது பெரிய முனைப் பக்கம் நகரும். சுமையே இல்லாமல் ஓரத்தில் விழுந்தால் ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றிப் போட்டு மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம் அச்சுத் தள்ளுவிசை, அதாவது ஷாஃப்டின் நீளவாக்கில் கியரைத் தள்ளும் விசை. நேர்ப் பல் பெவல் கியர் எப்போதும் உச்சியை விட்டு வெளியே தள்ளும். பல் வளைந்திருக்கும் ஸ்பைரல் பெவலிலோ சுழலும் திசை மாறினால் பினியன் உள்ளேயும் இழுபடலாம், அதனால் பேரிங்கை இரண்டு பக்கமும் அசையாமல் பூட்டுங்கள், இல்லையென்றால் பேக்லாஷ் (பற்களுக்கு இடையே விடும் சின்ன இடைவெளி) போய்ப் பற்கள் இறுகிச் சூடாகிவிடும்.