மொத்தம் எங்கே போனது? பைத்தானில் மாறிகளும் வரையெல்லையும்

பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கியவர்கள் செயற்கூறுகளுக்கு (பெயர் வைத்து, வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டுகளுக்கு) வந்ததும் ஒரு பிழைச் செய்தியில் வந்து முட்டிக்கொள்வார்கள். மாறி, அதாவது ஒரு மதிப்புக்கு வைத்த பெயர், கண்ணுக்கு முன்னால் இருக்கும். மேலே அதற்கு மதிப்பும் கொடுத்திருப்பார்கள். ஆனால் "இந்த மாறிக்கு மதிப்பே இல்லை" என்று கணினி சாதிக்கும். கணினி சொல்வது சரிதான். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உங்கள் கணினியில் பைத்தான் 3 இருந்தால் போதும். ஐடில் என்ற நிரல் எழுதும் மென்பொருளில் புதிய கோப்பைத் திறந்து, நிரலை எழுதிச் சேமித்து, எஃப்5 விசையை அழுத்தி ஓட்டுங்கள். வரியை அடித்ததும் ஓட்டிவிடும் ஷெல் சாளரத்தில் ஒவ்வொரு வரியாக அடித்துப் பார்க்க வேண்டாம். முன்பு அடித்த மாறிகளின் மதிப்பு அங்கே தங்கியிருந்து உங்களை ஏமாற்றிவிடும். கோப்பை ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இங்குள்ள நிரல்களில் டெஃப், பிரிண்ட் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மொத்தம், விலை போன்ற பெயர்களை அப்படியே தமிழில் அடிக்கலாம். 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 முதல் அதற்கு இடமுண்டு.

படி 1: பெயரும் மதிப்பும்

```
விலை = 15
மொத்தம் = 0
மொத்தம் = மொத்தம் + விலை
பிரிண்ட்(மொத்தம்)
```

மூன்றாவது வரியைக் கணக்கு ஆசிரியரிடம் காட்டினால் தவறு என்று கோடு போட்டு அடித்துவிடுவார். நிரலில் = என்ற குறிக்குச் சமம் என்று பொருள் இல்லை. அது ஒரு கட்டளை. வலப்பக்கத்தைக் கணக்கிடு, வந்த விடையை இடப்பக்கப் பெயரோடு இணை, அவ்வளவுதான். வலப்பக்கம்தான் முதலில் நடக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நான்காம் படியில் இதுதான் கைகொடுக்கப் போகிறது.

படி 2: செயற்கூறுக்குள் பிறந்த பெயர்

```
டெஃப் பில்(விலை, எண்ணிக்கை):
    தொகை = விலை * எண்ணிக்கை
    பிரிண்ட்(தொகை)

பில்(15, 4)
பிரிண்ட்(தொகை)
```

முதலில் 60 வரும். அடுத்து நேம் எரர் வரும்: தொகை என்ற பெயரே தெரியாது என்கிறது பைத்தான். தொகை பிறந்தது, டெஃப் என்று தொடங்கி எழுதிய பில் என்ற செயற்கூறுக்குள். அதன் வேலை முடிந்ததும் அந்தப் பெயரும் போய்விட்டது. மறுபடி அழைத்தால் மறுபடி புதிதாகப் பிறக்கும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் விலை, எண்ணிக்கை இரண்டுக்கும் இதே கதிதான்.

ஒரு பெயர் எந்தப் பகுதிக்குள் செல்லுபடியாகிறதோ அதுவே அதன் வரையெல்லை. இரண்டு வீடுகளில் குமார் என்று பிள்ளைகள் இருந்தால், எந்த வீட்டுக்குள் நின்று கூப்பிடுகிறோமோ அந்த வீட்டுக் குமார்தான் திரும்பிப் பார்ப்பான். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஆயிரம் வரி நிரலில் வேறொருவர் எழுதிய தொகை உங்கள் தொகையை அழித்துவிடும்.

படி 3: பைத்தான் தேடும் வரிசை

உள்ளே இல்லாத பெயரைச் செயற்கூறு பயன்படுத்தினால் பைத்தான் வெளியே போய்த் தேடும். முதலில் அந்தச் செயற்கூறு, பிறகு அதைச் சூழ்ந்த செயற்கூறு இருந்தால் அது, பிறகு கோப்பின் மேல்மட்டம், கடைசியில் பைத்தானோடு உடன் வரும் பெயர்கள். பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் இதை, இந்த நான்கு இடங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, எல்இஜிபி விதி என்று படித்திருப்பார்கள்.

கடைசிப் படிக்கட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. கூட்டுத்தொகை காண பைத்தானிலேயே சம் என்ற செயற்கூறு உண்டு. தெரியாமல் உங்கள் மாறிக்கு அதே பெயரை வைத்து 0 கொடுத்துவிட்டால், அதன்பின் சம்([10, 20]) என்று அழைக்கும்போது டைப் எரர் வரும். தேடல் மேல்மட்டத்திலேயே உங்கள் 0-ஐக் கண்டுபிடித்து நின்றுவிடுகிறது. எண்ணை யாரும் அழைக்க முடியாதல்லவா? தமிழில் பெயர் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

படி 4: அந்தப் பிழை

```
மொத்தம் = 0

டெஃப் சேர்(விலை):
    பிரிண்ட்(மொத்தம்)
    மொத்தம் = மொத்தம் + விலை

சேர்(15)
```

ஓட்டினால் அன்பவுண்ட் லோக்கல் எரர். எந்த வரியில் என்று பாருங்கள். கூட்டும் வரியில் இல்லை. அதற்கு மேலே, பிரிண்ட் வரியில்! கூட்டும் வரியை நீக்கிவிட்டு ஓட்டினால் ஒழுங்காக 0 அச்சாகிறது. கீழே இருக்கும் வரி மேலே இருக்கும் வரியைக் கெடுக்கிறது.

காரணம் இதுதான். செயற்கூறை ஓட்டுவதற்கு முன்பே பைத்தான் அதை முழுவதும் படித்துவிடுகிறது. உள்ளே எந்த மூலையிலாவது ஒரு பெயருக்கு மதிப்பு கொடுக்கப்பட்டிருந்தால், அந்தப் பெயர் அந்தச் செயற்கூறு முழுவதற்கும் உள்ளூர்ப் பெயர் என்று முடிவு செய்துவிடுகிறது. பிறகு வெளியே தேடுவதே இல்லை. பிரிண்ட் வரி ஓடும்போது உள்ளூர் மொத்தத்துக்கு இன்னும் மதிப்பு வரவில்லை, எனவே பிழை. பிரிண்ட் வரியை எடுத்துவிட்டாலும் தப்ப முடியாது. கூட்டும் வரியில் வலப்பக்கம்தான் முதலில் நடக்கும். அங்கேயும் மதிப்பில்லாத அதே மொத்தம்தான் நிற்கிறது.

இதையும் ஓட்டிப் பாருங்கள்:

```
பொருள்கள் = []

டெஃப் சேர்(பொருள்):
    பொருள்கள்.அப்பெண்ட்(பொருள்)

சேர்("அரிசி")
பிரிண்ட்(பொருள்கள்)
```

பிழையே இல்லை. இங்கே பொருள்கள் என்ற பெயருக்குப் புதிய மதிப்பு எதையும் கொடுக்கவில்லை. அது குறிக்கும் பட்டியலுக்குள் ஒன்றைப் போட்டோம். அதே வேலையை பொருள்கள் += [பொருள்] என்று எழுதினால் பழைய பிழை திரும்பி வரும், ஏனென்றால் += என்பதும் பெயருக்கு மதிப்பு கொடுப்பதுதான்.

படி 5: சரிசெய்வது

செயற்கூறின் முதல் வரியாக "குளோபல் மொத்தம்" (மேல்மட்டத்து மொத்தத்தையே எடுத்துக்கொள் என்று பொருள்) என்று எழுதினால் பிழை போய்விடும். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் மருந்தும் இதுதான். எனக்கு இது பிடிக்காது. பத்து செயற்கூறுகள் ஒரே மொத்தத்தில் கைவைத்தால், கணக்கு தவறும் நாளில் யாரைப் பிடிப்பது? தேவையானதை உள்ளே கொடுத்து விடையை வெளியே வாங்குங்கள்:

```
டெஃப் சேர்(மொத்தம், விலை):
    ரிட்டர்ன் மொத்தம் + விலை

மொத்தம் = 0
மொத்தம் = சேர்(மொத்தம், 15)
```

மொத்தம் எங்கே மாறுகிறது என்பது இப்போது கடைசி வரியில் வெளிப்படையாகத் தெரிகிறது.

சி, ஜாவா படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: பைத்தானில் இஃப், ஃபார் ஆகியவை தனி வரையெல்லையை உருவாக்குவதில்லை. ஃபார் சுற்றுக்குள் பிறந்த மாறி சுற்று முடிந்த பிறகும் கடைசி மதிப்போடு இருக்கும்.

பயிற்சி

```
எண் = 5

டெஃப் மாற்று():
    எண் = 10
    பிரிண்ட்(எண்)

மாற்று()
பிரிண்ட்(எண்)
```

இது 10, 5 என்று அச்சிடும். இனி செயற்கூறுக்குள், எண் = 10 என்ற வரிக்கு மேலே எண் = எண் + 1 என்று சேருங்கள். பிழை வருமா, எந்த வரியில் வரும் என்று தாளில் எழுதிவைத்துவிட்டு எஃப்5 அழுத்துங்கள்.