ஊருக்குப் போனால் ஓர் இரவு மேளச்சமாவுக்கு ஒதுக்குங்கள்

வெளிநாட்டில் இருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் நல்லூர்த் தேர், நயினாதீவு, கீரிமலை என்று ஒரு பட்டியலோடுதான் இறங்குகிறார்கள். அதில் ஓர் இரவு மேளச்சமாவையும், அதாவது கோயில் வீதியில் நடக்கும் நாதஸ்வர தவில் கச்சேரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் நல்ல கச்சேரி கேட்கலாம், சென்னையில் இருந்து பெரிய வித்துவான்கள் வந்துபோகிறார்கள். ஆனால் கோயில் வீதி மணலில் சப்பாணி கட்டி இருந்து, கைக்கெட்டும் தூரத்தில் நான்கு தவில் ஒன்றாக முழங்குவதைக் கேட்க ஊருக்குத்தான் போகவேண்டும்.

திருவிழா இரவில் சுவாமி வெளிவீதி வரும்போது ஒரு மூலையில் நிறுத்தியோ, பூசை எல்லாம் முடிந்த பிறகு முன்வீதியில் பந்தல் போட்டோ சமா வைப்பார்கள். இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் என்று தொடங்கி, அன்றைய திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரரின் கைக்கேற்பப் பெருகும். ஒன்பது மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தால் பத்தரைக்குத்தான் சூடு பிடிக்கும். நள்ளிரவு தாண்டியும் போகும். டிக்கெட் இல்லை, கதிரை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

முதலில் நாள் பார்க்கவேண்டும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் தீர்த்தம் ஆடி அமாவாசையில். அதற்கு ஆறாம் நாள் நல்லூரில் கொடியேற்றம். 25 நாள் திருவிழா, 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். அமாவாசையை வைத்துக் கணக்கிடுவதால் தேதி நன்றாகவே ஆடும். 2025இல் தேர் ஓகஸ்ட் 21. 2023இல் செப்டெம்பர் 13. பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையை நம்பி ஜூலைக்கு டிக்கெட் போட்டுவிட்டு, கொடியேறும் முன்பே திரும்பிப் போகிற குடும்பங்கள் உண்டு. பஞ்சாங்கம் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஆடி, ஆவணி தவறினாலும் பரவாயில்லை. சித்திரை பிறந்ததில் இருந்தே குடாநாட்டில் ஏதாவது ஒரு கோயிலில் கொடி ஏறிக்கொண்டுதான் இருக்கும். மாரியில் வருகிறவர்கள் தைப்பூசத்தை ஒட்டி வந்தால், இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் என்ற பெரிய மர வாகனத்தையும் பார்த்துவிடலாம்.

நல்லூரைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே எல்லாம் மணி பார்த்து நடக்கும். மேளமும் பூசைக்கும் வீதியுலாவுக்கும் அளந்துதான் வாசிக்கும். சுவாமி வெளியே வரும்போது கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி எழும்புகிற அந்தச் சில நிமிடத்துக்காகவே போகலாம். பாட்டு வரி எதுவும் இல்லாத, தாளக்கட்டாலேயே நிற்கிற உருப்படி அது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், பெண்களுக்குச் சேலையோ பாவாடை தாவணியோ பொருத்தம். தேரன்று விடியப்புறமே போய் இடம் பிடியுங்கள். சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், நல்ல தூரம் நடக்கவேண்டி வரும்.

ஆற அமர இருந்து கேட்கவேண்டும் என்றால் கிராமத்துக் கோயில்தான். இணுவில், அளவெட்டி, கோண்டாவில், சுன்னாகம் பக்கம் விசாரியுங்கள். இணுவிலும் அளவெட்டியும் தலைமுறை தலைமுறையாக வாத்தியகாரர் வாழ்கிற ஊர்கள். அங்கே கேட்கிற சனத்துக்கும் காது கூர்மை. தவில் மேதை தட்சிணாமூர்த்தி இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்தவர். 1975இல், நாற்பத்திரண்டு வயதளவில் மறைந்துவிட்டார். தமிழகத்துப் பெரிய வித்துவான்களே கூட வைத்து வாசித்த கை அது. அவரை நேரில் கேட்ட முதியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற ஐயாவிடம் அவரைப் பற்றி ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தைப் பற்றியும் கேளுங்கள். நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள்.

எந்த இரவு எங்கே என்று எப்படித் தெரியும்? திருவிழா நோட்டீஸ்தான் வழி. சந்திக் கடைகளில் ஒட்டியிருக்கும், உறவினர் வீட்டு மேசையிலும் கிடக்கும். அதில் ஒவ்வொரு நாளுக்கும் உபயகாரர் பெயரும் மேளகாரர் பெயரும் இருக்கும். ‘விசேட மேளக்கச்சேரி’ என்று போட்ட இரவைக் குறித்துக்கொள்ளுங்கள். தேர், தீர்த்தம் இரவுகளைவிட இடையில் வரும் சாதாரணத் திருவிழா இரவையே நான் விரும்புவேன். கூட்டம் குறைவு, வாத்தியகாரருக்கும் அவசரம் இல்லை. கீபோர்ட், ஒக்டபாட் என்ற மின்தாளக் கருவி எல்லாம் சேர்த்து நடத்துகிற இரவுகளும் இப்போது உண்டு. முதல் தடவை போகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் தவிலின் நாதமே அமுங்கிப்போகும்.

போனால் எங்கே இருப்பது? நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணைசுக்கு நேர் எதிரே இருக்கவேண்டாம், காது அடைத்துவிடும். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். தவில்காரரின் வலப்பக்கமாக, சற்று முன்னே இடம் பிடியுங்கள். இடக்கையில் தடி, அது தொப்பி என்ற இடப்பக்கத் தோலில் விழுகிறது. வலக்கை விரல்களில் கூடு மாட்டி வலந்தலை என்ற வலப்பக்கத் தோலில் வாசிக்கிறார். எல்லாரும் தடியைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை என் பக்கத்தில் இருந்த பெரியவர் தோளில் தட்டி, “தம்பி, தடியைப் பாக்காதையும், விரலைப் பாரும்” என்றார். பார்த்தேன். தடி ஒன்றுக்கு விரல் நான்கும் ஆறுமாகச் சொற்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. அடுத்த தவில்காரர் அதையே வாங்கி, நடையைக் கண்டத்துக்கு, அதாவது ஐந்தைந்தாக, மாற்றித் திருப்பிக் கொடுத்தார். முதலில் வாசித்தவர் சிரித்துவிட்டுத் தோளில் வாரைச் சரிசெய்துகொண்டார். தாளக்காரப் பெடியன் மட்டும் அசையவில்லை, தாளம் தொடங்கும் இடமான சமம் தப்பாமல் போட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு தவில்காரரும் ஒன்றாகத் தீர்மானம் என்ற முடிப்பில் வந்து விழுந்தபோது வீதி முழுக்க ஒரே ஆரவாரம்.

தாளம் தெரியாது என்று தயங்கவேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்துத் தொடையில் போட்டுப் பழகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாதஸ்வரகாரர் இடையில் நிறுத்தி, வாத்தியத்தில் நூல்கட்டித் தொங்கும் சீவாளிகளில் (வாயில் வைத்து ஊதும் நாக்கு) வேறொன்றை எடுத்து மாற்றி, ஊதிப் பார்ப்பார். தேத்தண்ணி குடிக்க எழும்புவதென்றால் அப்போது எழும்புங்கள். தவில் மட்டும் தனியாக முழங்கும் தனி ஆவர்த்தன நேரத்தில் கச்சான் வாங்கப் போவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். பிற்பகுதியில் சினிமாப் பாட்டுக் கேட்டுச் சத்தம் போடுவார்கள், அதுவும் இருக்கட்டும். நீங்கள் ஒன்று கேட்பதானால் தோடி ராகமோ கரகரப்பிரியா ராகமோ கேளுங்கள். விருப்பம் கேட்கிற ஆள் இருந்தால் வாசிக்கிறவருக்கும் உற்சாகம் வரும்.

கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் பிடியுங்கள், போதும். வெளிச்சத்தை வாத்தியகாரர் முகத்தில் அடிக்கவேண்டாம். கோயிலுக்கு உள்ளே படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள், பகலில் அவர்களை நித்திரை கொள்ள வையுங்கள். ஒரு பாய், தண்ணீர்ப் போத்தல், நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொள்ள, சில்லறையாக இலங்கைக் காசு இருந்தால் சரி. திரும்பி வரும் ஓட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள், இரவு ஒரு மணிக்கு வீதியில் ஒன்றும் கிடைக்காது.

ஒரு திருவிழாவை நீங்களே பொறுப்பெடுத்துச் செய்ய விரும்பினால், கோயில் நிர்வாகத்திடம் நாளைப் பேசிக்கொண்டு, மேளத்துக்குச் சில மாதம் முன்பே சொல்லிவையுங்கள். நல்ல வாத்தியகாரருக்கு ஆடி, ஆவணியில் ஒரு நாளும் ஓய்வு இருக்காது. பேசிய தொகையை அன்றிரவே கையில் கொடுங்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் ஒழுங்கு செய்யுங்கள், தாளம் போடுகிற பெடியனையும் மறக்காமல் கூப்பிட்டுப் பந்தியில் இருத்துங்கள்.