தொட்டிச் செம்பருத்தியில் நாம் செய்யும் தப்புகள்

நர்சரியில் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்குப் பூ, கூடவே நாலைந்து மொட்டு. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மொட்டெல்லாம் மஞ்சளாகிக் கீழே கிடக்கும். உடனே பதறிப்போய் இன்னொரு சொம்பு தண்ணீர், ஒரு கை உரம், அப்புறம் பெரிய தொட்டிக்கு மாற்றுவது என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிடுகிறோம். இடம் மாறினாலே செம்பருத்தி மொட்டை உதிர்க்கும். பத்துப் பதினைந்து நாள் சும்மா விடுங்கள்.

டீவி பக்கத்தில் அழகாக இருக்கும்தான், ஆனால் இது வெயில் செடி. தினமும் நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் வைத்தால் இலை மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும், பூவுக்கு நீங்கள் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

இலை மஞ்சளானால் தண்ணீர் குறைவு என்றே நினைக்கிறோம், அதிகமானாலும் அதே மஞ்சள்தான். தென்னை நார்த்தூள் கலந்த மண் மேலே காய்ந்திருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

பெரிய தலைவலி மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் பூச்சியும் வந்தாயிற்று என்று அர்த்தம், அது கழிக்கும் இனிப்புக்குத்தான் எறும்பு வருகிறது. மொட்டுக் காம்பிலும் இலையின் அடியிலும் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். அதன் மேல் மெழுகு படிந்திருப்பதால் எடுத்த எடுப்பில் மருந்தடித்தால் பாதி வழிந்துவிடும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே சில சொட்டு சோப்புக் கரைசல், ஏனென்றால் சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும். இலையின் அடியில் படுகிற மாதிரி, வெயில் தாழ்ந்த பிறகு, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். நான் ஒருமுறை நடுப்பகலில் அடித்து, கொழுந்தெல்லாம் கருகியதுதான் மிச்சம்.

கவாத்து செய்யவும் பலருக்கு மனசு வராது. பூ வருவதே புதுக் கிளையில்தான், நீண்டு கிடப்பதை வெட்டுங்கள். ஒட்டுச் செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை விட்டுவைக்காதீர்கள், அது வேருக்காக அடியில் வைத்த வேறு செடி, மேலே ஒட்டியிருப்பதை அமுக்கிவிடும்.

பூ சாயங்காலமே சுருங்கிவிட்டது என்று மருந்து தேட வேண்டாம், பெரும்பாலான ரகங்களுக்கு ஆயுளே ஒரு நாள்தான்.